திருகோணமலையில் நான் தொலைத்த கோள்

ஒரு தபால் அட்டைக்குப் பதில் சொல்வதற்காகக் கடல் தாண்டிப் போனவன், பாளையங்கோட்டையில் அநேகமாக நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

நான் பள்ளிக்கூடத்தில் பௌதிகம் நடத்துகிறவன். அறுபதுகளின் நடுவில், கோள்களைப் பற்றிச் சிறுவர்களுக்கென்று ஒரு சின்னப் புத்தகம் எழுதியிருந்தேன். கடைசி அத்தியாயம் புதன். அந்தக் காலத்தில் எல்லாப் புத்தகங்களும் சொன்னதையே நானும் சொல்லியிருந்தேன். சந்திரன் நமக்கு ஒரே முகத்தைக் காட்டுவது போல, புதன் சூரியனுக்கு எப்போதும் ஒரே முகத்தைக் காட்டுகிறது. ஒரு பாதியில் ஓயாத பகல், மறு பாதியில் விடியாத இருட்டு. அதற்கு மேல் வருவது என் சொந்தச் சரக்கு. இரண்டு பாதிக்கும் நடுவே, சூரியன் அடிவானத்தில் அப்படியே நின்றுவிட்ட ஒரு மெல்லிய பட்டை உண்டு. காற்றும் தண்ணீரும் கொண்டு போய்விட்டால், முடியாத அந்த அந்திப் பொழுதில் மனிதர்கள் சுகமாக வாழலாம். 'சுகமாக' என்று இரண்டு தடவை எழுதியிருந்தேன்.

அப்போதுதான் இலங்கையிலிருந்து அட்டை வந்தது.

"ஐயா, தங்கள் புத்தகம் படித்தேன். நல்ல புத்தகம். கடைசி அத்தியாயம் பிழை. அங்கே ஆட்கள் வாழ ஏலாது. காரணம் சூடு அல்ல. குளிரும் அல்ல. நேரில் வந்தால் சொல்லலாம். இப்படிக்கு, காசிம், பள்ளிவாசல் மோதினார், கிண்ணியா."

சூடும் இல்லை, குளிரும் இல்லை என்றால் வேறு என்னதான் காரணம்? மூன்று இரவு யோசித்தேன். புத்தகம் இரண்டாம் பதிப்புக்குப் போகிற நேரம். பதிப்பாளர், "பிழை இருந்தால் திருத்துங்கள், இல்லாவிட்டால் அச்சுக்கு விடுகிறேன், எதுவானாலும் தந்தி அடியுங்கள்" என்று சொல்லிவிட்டார். அதே வாரத்தில், கிண்ணியாவுக்கு அருகிலுள்ள திருகோணமலை வாசிகசாலை ஒன்றிலிருந்து, புதனைப் பற்றிப் பேச வரும்படி அழைப்பும் வந்தது. "ஒரு அட்டைக்காகவா இவ்வளவு தூரம்?" என்றாள் என் மனைவி. "இல்லை, சொற்பொழிவுக்காக" என்றேன். அவள் நம்பவில்லை. நானும்தான்.

திருகோணமலையில் என்னை வரவேற்றவர் நடராசா மாஸ்டர். வாசிகசாலையின் செயலாளர். குள்ளமான, சுறுசுறுப்பான மனிதர். எதையும் சொல்வதற்கு முன் தொண்டையைச் செருமிக்கொள்வார். அவர் பொய் சொல்லும்போது இரண்டு தடவை செருமுவார் என்பதை நான் கண்டுபிடித்தபோது காலம் கடந்துவிட்டது.

முதல் நாள் முழுக்க மொழிப் பாடத்தில் போயிற்று. "கதிரையில இருங்கோ" என்றார். நாற்காலியைக் காட்டியதால் பிழைத்தேன். "பாண் சாப்பிடுவீங்களோ?" என்று கேட்டார். பாணர் பரம்பரையில் யாரையோ சாப்பிடச் சொல்கிறார் என்று திகைத்து நின்றேன், ரொட்டி வந்தது. இரவுச் சாப்பாடு பிட்டும் பாரை மீன் குழம்பும். பிட்டை எங்கள் ஊரில் வாழைப்பழத்தோடு பிசைந்துதான் பார்த்திருக்கிறேன். இங்கே மீனோடு பிசைந்து உண்டபோது, இத்தனை வருடம் பிட்டுக்கு நாங்கள் செய்த துரோகம் புரிந்தது.

மறுநாள் காலை கிண்ணியாவுக்குப் புறப்பட்டோம். பஸ்ஸிலிருந்து இறங்கியதும் எதிரே விரிகுடாத் தண்ணீர். நான் சாலையைத் தேடினேன்.

"கொஞ்சம் நில்லுங்கோ, இப்ப பாதை வரும்" என்றார் மாஸ்டர்.

"நாம்தானே பாதைக்குப் போகவேண்டும்?"

"இல்லை ஐயா. இங்க பாதைதான் எங்களிட்ட வாறது."

வந்தது. பலகை பாவிய பெரிய மிதவை. அதை இழுக்க ஒரு மோட்டார்ப் படகு. இந்தப் பக்கத்தில் அதற்குப் பெயரே பாதை. ஒரு லொறி, ஒரு மாட்டு வண்டி, சைக்கிள்கள், கூடைகள், நாங்கள், எல்லாம் ஏறினோம். நடுத் தண்ணீரில் மோட்டார் இரண்டு தரம் இருமிவிட்டு நின்றது. லொறிச் சாரதி சிங்களத்தில் ஏதோ சொல்ல, சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். மாஸ்டர் மொழிபெயர்த்தார்: "போனால் பாதை, நின்றால் தீவு என்கிறார்."

வெயில் மண்டையைப் பிளந்தது. மிதவையில் நிழல் என்று இருந்தது லொறியின் ஒரு பக்கம் மட்டும், ஒரு முழ அகலத்துக்கு. எல்லோரும் அதற்குள் ஒடுங்கி நின்றோம். நீரோட்டத்தில் மிதவை மெல்லத் திரும்ப, நிழலும் நகர்ந்தது. பேச்சை நிறுத்தாமலே எல்லோரும் ஒரு அடி நகர்ந்தார்கள். பழக்கம் இல்லாத நான் மட்டும் ஒவ்வொரு தரமும் வெயிலில் மாட்டிக்கொண்டேன்.

பக்கத்தில் கோழிக்கூடையோடு நின்ற அம்மாள் எனக்காக இரக்கப்பட்டாள். எனக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. "இந்தச் சூரியன் நகராமல் ஒரே இடத்தில் நின்றால் எவ்வளவு வசதி, இல்லையா?" என்று தொடங்கி, அப்படி ஒரு கோள் இருப்பதையும் அதன் நடுப் பட்டையையும் விளக்கினேன்.

அவள் கோழியைத் தடவிக்கொண்டே கேட்டாள். "அப்ப அந்த நிழல் நகராதோ?"

"நகரவே நகராது."

"அப்ப முதல் போனவன் வேலி போட்டு உறுதி எழுதிடுவான். வெயில்ல நிக்கிறவன் சாகுமட்டும் வெயில்லதான். இங்க எண்டா கொஞ்சம் பொறுத்தா எனக்கும் நிழல் வரும்."

சொன்ன கையோடு மிதவை திரும்பியது. நிழல் அவள் மேல் வந்தது. நான் வெயிலுக்குப் போனேன். என் புத்தகத்தில் காணி உறுதி, அதாவது நிலப் பத்திரம் பற்றி ஒரு வரிகூட இல்லை.

ஒரு மணி நேரம் கழித்து மோட்டார் மனம் இரங்கியது.

மோதினார் காசிமை நான் தாடி நரைத்த, கண்டிப்பான பெரியவராக நினைத்திருந்தேன். வந்தவர் நாற்பத்தைந்து வயது மதிக்கத்தக்க, அகன்ற தோள்களும் குறும்புக் கண்களும் உள்ள மனிதர். சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வாசலில் சைக்கிளுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார்.

"புதன் மாஸ்டரா? வாங்க, வாங்க! அட்டைக்கு ஆளே வரும் எண்டு நினைக்கல்ல" என்று சொல்லிவிட்டு உள்ளே திரும்பி மனைவியைக் கூப்பிட்டார். "சுபைதா! பாளையங்கோட்டை வந்துட்டுது!"

வந்த காரியத்தைப் பேச விடாமல் முதலில் சோறு, பிறகு சட்டியோடு எருமைத் தயிர். சட்டியைக் கவிழ்த்தாலும் விழாத தயிர். அதன் மேல் பாணி என்கிற இனிப்புப் பாகை ஊற்றினார்கள். திருநெல்வேலிச் சீமையில் நாங்கள் தயிர் என்று சொல்வதை இங்கே கொண்டு வந்தால் மோர் என்றுகூட ஒப்புக்கொள்ள மாட்டார்கள். இரண்டாவது தடவை கேட்டு வாங்கினேன். எதிராளியின் தயிரை இரண்டு தரம் சாப்பிட்ட பிறகு வாதாடுவது கஷ்டம்.

இருந்தாலும் ஆரம்பித்தேன். "எப்போதும் அந்தி நேரமாக இருக்கும் ஓர் ஊரில் உங்களுக்கு என்ன ஆட்சேபணை? தொழுகை நேரம் தெரியாது என்பதா?"

"அது இல்ல மாஸ்டர். பொழுதே தெரியாத இடத்தில கணக்குப் பாத்துத் தொழலாம் எண்டு படிச்ச பெரியவங்க எப்பவோ சொல்லி வைச்சிருக்காங்க. எங்களுக்கு அதில பிரச்சினை இல்ல."

கதவுக்குப் பின்னாலிருந்து சுபைதாவின் குரல் வந்தது. "பொழுது படாத ஊரில ஆம்புளைகள் எப்ப வீட்டுக்கு வாற? அதக் கேளுங்க முதல்ல. இங்க பொழுது பட்டும் இவர் வாறது இல்ல. சமையலும் அப்பிடித்தான். ராச்சாப்பாடு முடிஞ்சுது எண்டு எத வைச்சு அடுப்ப அணைக்கிற?"

நடராசா மாஸ்டர் சிரித்தார். காசிம் சிரிக்கவில்லை. "அவ சொல்லுறதுதான் விசயம்" என்றார்.

பிறகு சொன்னார். இரண்டாம் உலக யுத்த காலத்தில் அவருக்கு இருபது வயது இருக்கும். துறைமுகம் முழுக்கக் கப்பல்கள். அவரும் அவருடைய காக்காவும், அதாவது அண்ணனும், ஒரு ஒப்பந்தக்காரரிடம் சாமான் இறக்கும் வேலையில் இருந்தார்கள். கப்பலின் அடித்தட்டில் வேலை. அங்கே சூரியன் கிடையாது, மின் பல்ப் மட்டும்தான். மேலே பகலா இரவா என்று தெரியாது. "இன்னும் பொழுது இருக்கு, இன்னும் பொழுது இருக்கு" என்று மேலிருந்து சொல்லிக்கொண்டே இருப்பார்கள்.

"நாங்களும் நம்பினம். சூடும் இல்ல, குளிரும் இல்ல, இதமான இடம். உங்கட பட்டை மாதிரித்தான். மூணாம் நாள் எண்டு நினைக்கிறன், காக்கா மூட்டையோட நிண்ட நிலையில நித்திரையாகி ஏணியால விழுந்தார். மேல தூக்கிக்கொண்டு வந்த நேரம் வெளிய சுபஹு. விடியுது. அப்பதான் எங்களுக்கே தெரியும் விடியுதெண்டு. அவர் அதப் பாக்கல்ல."

தயிர்ச் சட்டியை நான் கொஞ்சம் தள்ளி வைத்தேன்.

"அதுக்குப் பிறகு இந்த வேலைக்கு வந்தன்" என்று அவரே தொடர்ந்தார். "ஒரு நாளைக்கு அஞ்சு தரம், செய்யிற வேலைய விடுங்கோ எண்டு ஊரைக் கூப்பிடுற வேலை. மாஸ்டர், மனுசன் சூட்டத் தாங்குவான், குளிரத் தாங்குவான். நிப்பாட்ட ஆளில்லாட்டி செத்துப்போவான். உங்கட புதன்ல ஆரு நிப்பாட்டுற?"

"நாளை சொற்பொழிவுக்கு வாருங்கள், அங்கே சொல்கிறேன்" என்றேன். கையில் சரக்கு இல்லாதவர்கள் வழக்கமாகச் சொல்கிற பதில்.

மூன்றாம் நாள் காலை, அந்தப் பதிலைத் தேடி அறைக்குள் நடந்துகொண்டிருந்தேன். கொஞ்சம் கவனத்தை மாற்றலாம் என்று பத்திரிகை கேட்டேன்.

நடராசா மாஸ்டர் தொண்டையைச் செருமினார். இரண்டு தடவை. "இண்டைக்குப் பேப்பர் வரேல்லை, ஐயா. கொழும்பில ஏதோ சுணக்கம்."

பின்னேரம் நான்கு மணிக்கு வாசிகசாலை நிரம்பி வழிந்தது. இவ்வளவு கூட்டமா என்று எனக்கே பெருமை. வாசலில் ஒவ்வொருவரும் என் கையைப் பிடித்து, ஏதோ துக்க வீட்டில் செய்வது போல மெதுவாக அழுத்தினார்கள். ஒரு கிழவர், "மனசைத் தளர விடாதேங்கோ" என்றுகூடச் சொன்னார். மேடைக் கூச்சத்துக்கு ஆறுதல் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

பாதி சிவப்பும் பாதி கறுப்புமாகச் சாயம் பூசிய மரப்பந்து ஒன்றை ஊரிலிருந்து கொண்டு வந்திருந்தேன். அதைக் கையில் பிடித்தபடி மேசை விளக்கைச் சுற்றி நடந்தேன். "பாருங்கள், சிவப்புப் பக்கம் எப்போதும் விளக்கையே பார்க்கிறது. புதன் தன் முகத்தை ஒருபோதும் திருப்புவதில்லை!" கூட்டம் மிகுந்த அன்போடு தலையாட்டியது. இவ்வளவு நல்ல மாணவர்களை நான் பாளையங்கோட்டையில் பார்த்ததே இல்லை.

அந்த நேரத்தில்தான் காசிம் மோதினார் உள்ளே வந்தார். பாதை பிந்திவிட்டது. கையில் ஒரு பத்திரிகை.

"மாஸ்டர், குறுக்க பேசுறதுக்கு மன்னிக்கணும். வாசல்ல இது கிடந்தது. புதன் சுத்துது எண்டு போட்டிருக்காங்களே, மெய்யா?"

நடராசா மாஸ்டர் கூரையைப் பார்த்தார். பின் வரிசையில் யாரோ ஆற்றாமையோடு சொன்னார்: "அதைச் சொல்லுறேல்லை எண்டு காலமை கதைச்சுத்தானே வைச்சனாங்கள்!"

நான் மேடையிலிருந்து இறங்கிப் போய் அந்தப் பத்திரிகையை வாங்கினேன். அன்றைய தேதி. மூலையில் பத்து வரி. புதனுக்கு ரேடார் அலைகளை அனுப்பித் திரும்பப் பிடித்துப் பார்த்ததில், அது சூரியனுக்கு ஒரே முகத்தைக் காட்டவில்லை என்று தெரிந்துவிட்டதாம். எண்பத்தெட்டு நாளில் சூரியனைச் சுற்றும் புதன், சுமார் ஐம்பத்தொன்பது நாளைக்கு ஒரு தரம் தன்னைத் தானே சுற்றிக்கொள்கிறதாம்.

ஒரு முறை மனதுக்குள் படித்தேன். அப்படியே வெளியே நடந்து அடுத்த பஸ்ஸைப் பிடித்துவிடலாமா என்று காலுக்குத் தோன்றியது. ஆனால் ஊர் முழுக்க ஒரு அந்நியனுடைய மானத்தைக் காப்பாற்றக் காலையிலிருந்து வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறது. நூறு பேர், பொய்யான கோளைப் பார்த்து உண்மையாகத் தலையாட்டியிருக்கிறார்கள். அவர்களை விட்டுவிட்டு ஓடவும் மனம் வரவில்லை. மேடைக்குத் திரும்பி, செய்தியை உரக்கப் படித்தேன். பிறகு பந்தைக் கையில் வைத்து ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டினேன்.

"அன்பர்களே, அரை மணி நேரமாக நான் உங்களிடம் பேசிய கோள் இது இல்லை. இப்போது என்னிடம் கோளே இல்லை. மன்னிக்க வேண்டும்."

உட்காரப் போனேன். சல்லி என்ற கடற்கரைக் கிராமத்திலிருந்து வந்திருந்த செல்லத்துரை என்ற மீனவர் எழுந்தார். கறுத்து மெலிந்த மனிதர்.

"ஐயா, புதன் போனால் போகட்டும். வானத்தில வேற கோளுகள் இல்லையோ? எங்கையாவது ஒண்டு அப்பிடி நிக்கும்தானே?"

"நிற்கலாம். கணக்குப்படி நிச்சயம் எங்காவது இருக்கும்."

"அப்ப நீங்கள் கதையை நிப்பாட்டாதேங்கோ. அந்த இடத்தில காத்து எப்பிடி?"

இதற்கு எனக்குப் பதில் தெரியும். உயிர் வந்தது. வெயில் பக்கத்தில் காற்று சூடாகி மேலே எழும்பும். அந்த இடத்தை நிரப்ப இருட்டுப் பக்கத்திலிருந்து குளிர்ந்த காற்று தரையை ஒட்டி வந்துகொண்டே இருக்கும் என்றேன். "எப்போதும் ஒரே திசை. தென்மேற்கிலிருந்து வரும் சோளகக் காற்றும் கிடையாது, மாறி வரும் வாடையும் கிடையாது. பாவம், அங்கே உங்களுக்குத் தொழில் செய்வது கஷ்டம்தான்."

"என்ன பாவம்?" என்றார் செல்லத்துரை. "போன மார்கழியில அடிச்ச புயல்ல எங்கட கரையில ஒரு கூரை மிச்சமில்லை. மாறாத காத்தெண்டா எந்தக் காத்தெண்டாலும் பழகிடலாம் ஐயா. எங்களைக் கொல்லுறது மாறுற காத்துத்தான். நாளைக்கே ஏத்துங்கோ, நான் வாறன்!"

"திரும்பி வர ஏலாதடா! காத்து ஒரே பக்கம்!" என்று ஒருவர் கத்தினார்.

"சரிச்சுப் பாய் வைச்சு வருவன்!"

அவ்வளவுதான், வாசிகசாலை இரண்டாகப் பிளந்தது. தண்ணீர் எல்லாம் இருட்டுப் பக்கம் போய் உறைந்துவிடாதா என்று ஒருவர். நல்லது, ஐஸ் வாங்கும் செலவு மிச்சம் என்று இன்னொருவர். நெல் விளைய வெயில் உண்டு, ஆனால் முற்றுகிற பருவம் எப்படி வரும் என்று ஒரு விவசாயி. கோழிக்கார அம்மாளின் கேள்வியை நானே எடுத்துச் சொன்னேன். நல்ல நிழல் யாருக்கு என்பதில் மூன்று பேர் கிட்டத்தட்டக் கைகலக்கப் பார்த்தார்கள். காணியே இன்னும் கிடைக்காத ஊரில். என்னை யாரும் கவனிக்கவில்லை. ஆசிரியனாக என் வாழ்க்கையில் அதைவிட நல்ல வகுப்பு அமைந்ததில்லை. அதில் நான் செய்தது வாயை மூடியது மட்டும்தான்.

காசிம் சன்னல் ஓரமாக நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு கட்டத்தில் வெளியே வானத்தைப் பார்த்தார். பிறகு கையைத் தட்டினார்.

"போதும்! பொழுது படப் போகுது. மகுரிபுத் தொழுகைக்கு வாங்கு சொல்லணும். எனக்குப் பாதை போயிடும். உங்களுக்கு வலை கிடக்கு, அவருக்கு மாடு கிடக்கு. எழும்புங்க!"

அவரவர் செருப்பைத் தேடினார்கள். ஒரு நிமிடத்தில் கூட்டம் கலைந்துவிட்டது. போகிற போக்கில் அவர் என்னிடம் வந்தார்.

"பாத்தீங்களா மாஸ்டர்? விட்டிருந்தா விடியும் வரைக்கும் கதைச்சிருப்பாங்க."

"அப்படியானால் அந்தக் கோளுக்கு முதல் கப்பலில் உங்களைத்தான் அனுப்ப வேண்டும்" என்றேன்.

"சுபைதா விடமாட்டா" என்று சொல்லிவிட்டு ஓடினார்.

நான்காம் நாள் புறப்படுவதற்கு முன் தந்தி அடிக்கப் போனேன். 'கடைசி அத்தியாயத்தை நீக்கவும்' என்று எழுதி நீட்டினேன். சன்னலுக்குப் பின்னால் கண்ணாடி போட்ட ஒரு பெண் அதைப் படித்துவிட்டுத் திருப்பித் தந்தார். நேற்று மூன்றாவது வரிசையில் இருந்தவராம்.

"ஏன் ஐயா நீக்குறீங்கள்? அத்தியாயம் நல்லது. பேர் மட்டும்தானே பிழை. புதன் எண்டு வாற இடத்தில 'ஒரு கோள்' எண்டு போடச் சொல்லுங்கோ."

நல்ல யோசனை. அப்படியே எழுதினேன்.

"எல்லா இடத்திலும் எண்டும் சேருங்கோ. இல்லாட்டி ஒண்டு ரெண்டை விட்டிடுவினம்" என்றார்.

சேர்த்தேன். கூடவே ஊர் போய்ச் சேர்ந்த பிறகு, அந்தப் பட்டையில் வாழப் போகிறவர்கள் முதலில் ஒரு மோதினாரையோ, மணி அடிப்பவரையோ, நிறுத்தச் சொல்கிற வேறு ஒருவரையோ கூட்டிக்கொண்டு போக வேண்டும் என்று ஒரு பத்தி எழுதி அனுப்பினேன். 'சுகமாக' இரண்டையும் அடித்தேன்.

இரண்டாம் பதிப்பு வந்தது. என் பதிப்பாளர் தந்தியை எழுத்துக்கு எழுத்து மதிக்கிறவர். புத்தகத்தில் எங்கே தேடினாலும் புதன் இல்லை. என் முன்னுரையை நான் எழுதி முடித்த நாளும் கிழமையும் கீழே போட்டிருந்தேன், அதிலும் இல்லை. 'பாளையங்கோட்டை, ஒரு கோள்கிழமை' என்று அழகான எழுத்தில் அச்சாகியிருந்தது. பள்ளிக்கூடத்தில் பையன்கள் ஒரு மாதம் அந்தக் கிழமையைத்தான் கொண்டாடினார்கள். தலைமையாசிரியர் என்னைப் பார்க்கும்போதெல்லாம் இன்று என்ன கிழமை என்று விசாரித்தார்.

வெட்கத்தை விழுங்கிக்கொண்டு கிண்ணியாவுக்கு ஒரு பிரதி அனுப்பினேன். மூன்று வாரத்தில் அட்டை வந்தது.

"ஐயா, புத்தகம் கிடைத்தது. முன்னுரை முதல் முடிவு வரை சுபைதாவுக்கு வாசித்துக் காட்டினேன். அங்கே கிழமை உண்டு என்பதைத் தாங்கள் முன்பே சொல்லியிருந்தால் நான் வாதாடியே இருக்க மாட்டேன். கிழமை இருக்கிற இடத்தில் ஆட்கள் இருக்கலாம். பிழை ஒன்றும் இல்லை. இப்படிக்கு, காசிம்."